மோர்த்தூக்கு

ஆறுமுகநயினாருக்கும் பிரவீனாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர்கள் பேசிக்கொண்டதைவிட, அவள் வைத்த மோரை அவன் குடித்ததுதான் அதிகம். இருவருக்கும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி, காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற இடம். அவன் மோல்டிங்கில் லைன் லீடர், அவள் பேக்கிங்கில் ஆபரேட்டர். அவனுக்குக் காலை ஷிப்ட், அவளுக்கு மத்தியான ஷிப்ட். அவன் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் திரும்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். புருஷன் பெண்டாட்டி என்பதற்கு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்த ஆதார் நகல்தான் சாட்சி.

ஆனால் இருவருக்கும் பஸ் ஒன்றுதான். படப்பையிலிருந்து மத்தியான ஷிப்ட்காரர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ், உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காலை ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும். பிரவீனா வருகிற மூன்றாவது சீட்டில்தான் நயினார் போவான். அவள் இறங்கும்போது சன்னல் கம்பியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கை மாட்டிவிட்டு இறங்குவாள். உள்ளே இஞ்சியும் நாரத்தை இலையும் தட்டிப்போட்ட மோர் இருக்கும். மோல்டிங் மிஷின் அனலில் வெந்துவிட்டு வருகிறவன், பஸ் ஒரகடம் தாண்டுவதற்குள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுவான். தூக்கின் மேல் 'நயினார் – பிரவீனா' என்று பெயர் வெட்டியிருக்கும். பேக்கிங் பெண்கள் சேர்ந்து கல்யாணத்துக்குக் கொடுத்தது. அந்த சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள், அந்தத் தூக்கை யாரும் தொடமாட்டார்கள். படப்பை பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

மணிகண்டபிரபுவுக்கும் தெரியும். அவனும் நயினாரும் ஒரே ஊர். கோவில்பட்டியில் ஒரே நாளில் பஸ் ஏறி வந்து, ஒரே அறையில் ஆறு பேரோடு நெருக்கிப் படுத்தவர்கள். லைன் லீடர் வேலை நயினாருக்குப் போனபோது மணி தன் கைக்காசில் ஸ்வீட் வாங்கி லைன் முழுக்கக் கொடுத்தான். லீடர் இல்லாத நேரத்தில் லைனைப் பார்த்துக்கொள்ள ஒரு ரிலீவர் வேண்டும். அதற்கு மணியை விட்டுவிட்டு, டிப்ளமோ முடித்த இனியவனை நயினார் எடுத்துக்கொண்டான். அப்போதும் மணி சிரித்தான். இப்படி எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவனை நான் நம்பமாட்டேன். நயினார் நம்பினான், அவன் அப்படி ஒரு வெள்ளந்தி.

இனியவன் மணிமங்கலத்துப் பையன், பிரவீனாவின் தெரு. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இவர்கள் காதலித்த காலத்தில் அவள் அம்மாவுக்குத் தெரியாமல் சேதி கொண்டுபோய்க் கொடுத்ததே அவன்தான்.

மணி அங்கிருந்துதான் ஆரம்பித்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது, “இனியவன் நல்ல பையம்லா நயினாரு. ஒன் கல்யாணமே அவனாலதான நடந்துச்சு” என்றான்.

“ஆமாலே. அவன் மட்டும் இல்லன்னா கஷ்டந்தான்.”

“பிரவீனாவும் கெட்டிக்காரி. ஆறு மாசம் பெத்த தாய்க்கே தெரியாம வச்சிருந்தால்லா! மூஞ்சில ஒண்ணு காட்டணுமே. அந்த சாமர்த்தியம் யாருக்கு வரும்?”

நயினார் பெருமையாகச் சிரித்தான். பஸ்ஸில் போகும்போது அந்தச் சிரிப்பு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

இன்னொரு நாள் மணி பேச்சுவாக்கில், “நேத்து ஷிப்ட் மாறுற நேரத்துல இனியவன் பேக்கிங் பக்கம் நின்னுக்கிட்டு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“நின்னுக்கிட்டு?”

“ஒண்ணுமில்ல, விடு. லேபிள் வாங்கப் போயிருப்பான். நீ ஒண்ணும் நெனைக்காத.”

நினைக்காதே என்று ஒருவன் சொன்ன பிறகு நினைக்காமல் இருக்க நயினார் என்ன சாமியாரா? மறுநாள் அவனே போய்க் கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். மணி கேட்டதற்கெல்லாம் தலையாட்டி மறுப்பான். மறுப்பதற்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வான். “ஒரே தெருவுல வளந்தவங்க, பேசத்தான செய்வாங்க” என்பான். “நீ ராசா மாதிரி வச்சிருக்க, அவளுக்கு என்ன கொறச்சல்?” என்பான். நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் இனியவன் “நயினாரண்ணா” என்று கூப்பிட்டால்கூடக் காது எரிந்தது. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கேட்கவில்லை. கேட்டால், சந்தேகப்படுகிற புருஷன் என்று ஆகிவிடுமாம்! சந்தேகப்படலாம், அந்தப் பேர் மட்டும் வரக்கூடாது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். ஷிப்ட் முடிந்ததும் லைன் லீடர் மட்டும் அடுத்த ஷிப்ட் லீடரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். நயினார் வந்தபோது வாசலில் மணி காத்திருந்தான். “பைக் ஸ்டாண்ட் வழியா போவமா? நெழலா இருக்கும்” என்றான்.

ஸ்டாண்டில் இனியவன் தன் பைக்கின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு தூக்கை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். வெயிலில் அதன் மேல் வெட்டியிருந்த பெயர் தெரிந்தது. நயினாரைப் பார்த்ததும் இனியவன் வாயைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தூக்கை உயர்த்திக் காட்டினான்.

நயினார் அங்கேயே நின்றுவிட்டான். மணிதான் கையைப் பிடித்து இழுத்தான். “பாக்காத. வா. ஏதாவது காரணம் இருக்கும்” என்றான்.

பஸ்ஸில் சன்னல் கம்பி வெறுமனே இருந்தது. படப்பையில் இறங்கியதும் நயினார் போனில், ‘இன்னைக்கு மோர் வச்சியா?’ என்று அனுப்பினான். அவளுக்கு டீ பிரேக் வந்தபோது பதில் வந்தது. ‘வச்சேனே மாமா. நல்லா இருந்துச்சா?’ ஒரு சிரிப்பு பொம்மையும் கூட வந்தது. பெத்த தாய்க்கே தெரியாமல் ஆறு மாதம் வைத்திருந்தவள்தானே என்று நினைத்தான்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் நடேசனிடம் போய், இனியவன் சரியில்லை, வேறு லைனுக்கு மாற்றிவிடுங்கள் என்றான். ரிலீவராக யாரைப் போடலாம் என்று அவர் கேட்டபோது அவன் யோசிக்கக்கூட இல்லை, மணிகண்டபிரபு என்றான். மத்தியானம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பையும் அந்தப் புது ரிலீவரிடமே தள்ளிவிட்டு, பஸ் வருகிற நேரத்துக்கு வெளியே போய் நின்றான்.

மத்தியான ஷிப்ட்காரர்கள் இறங்கினார்கள். பெயர் வெட்டிய தூக்கு வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை, பிரவீனா வேறொரு தூக்கை மாட்டிவிட்டுப் படியில் கால் வைத்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இந்த நேரத்தில் அவனைப் பார்ப்பது அவளுக்குக் கிடைக்காத பாக்கியம்.

“எம் பேரு வெட்டுன தூக்குல எவனெவனுக்கு மோர் ஊத்துத?” என்றான்.

“இன்னா மாமா?”

“நேத்து அந்த இனியவன் கையில எப்படிப் போச்சு? சொல்லு.”

“எனக்கு இன்னா தெரியும்? தெனம் மாட்றா மாதிரி தான் மாட்னேன்.”

“அம்மாவயே ஏமாத்துனவதான நீ! எனக்கு மட்டும் உண்மையா இருப்பியோ?”

இறங்கினவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மணி பாராட்டிச் சொன்னது நயினார் வாயில் வசவாகிப் போயிருந்தது. அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத எனக்கே கூசுகிறது. பிரவீனா அழவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். வேலைக்குப் போகாமல் கேட்டைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் லாக்கர் ரூமில் இனியவன் வழிமறித்தான். கண் சிவந்திருந்தது.

“நான் இன்னாணா தப்பு பண்ணேன்? மோர் குட்ச்சது தப்பா? நீ தானணா குடுத்து வுட்ட?”

“நானா?”

“மணியண்ணன் தான் கொணாந்து குடுத்தாரு. நயினாருக்கு சளி புட்சிக்கீது, உன்ன குடிக்கச் சொன்னாருன்னாரு. அதான் உன்னப் பாத்ததும் தூக்கத் தூக்கிக் காட்னேன். நீ மூஞ்சிய திருப்பிகினு போய்ட்ட.”

நயினார் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.   எழுந்து போய் மிஷின் பக்கத்தில் மணியின் சட்டையைப் பிடித்தான்.

“ஏம்லே இப்படிச் செஞ்ச?”

மணி பதறவில்லை. “என்ன செஞ்சேன்? பையன் வாடிப்போயிருந்தான், ஒரு நா மோர் எடுத்துக் குடுத்தேன். நீ குடுத்தன்னு சொன்னாத்தான் குடிப்பான்னு அப்படிச் சொன்னேன். அதுக்கு நீ பொண்டாட்டிய ரோட்டுல நிறுத்தி ஏசுவன்னு நான் கண்டனா?”

“நீதானல எங்கிட்ட...”

“ஒங்கிட்ட என்ன சொன்னேன்? பிரவீனாவ ஒரு வார்த்த தப்பாச் சொல்லிருக்கனா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு.”

நயினார் யோசித்தான். நல்ல பையன் என்று சொன்னான். கெட்டிக்காரி என்று சொன்னான். நினைக்காதே என்றான், பார்க்காதே என்றான், விடு என்றான். தப்பாக ஒன்றுகூட அகப்படவில்லை. அசிங்கமானதெல்லாம் நயினார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிடித்த சட்டையை விட்டான். மணி அதை நீவிவிட்டுக்கொண்டு மிஷினைப் பார்க்கப் போனான்.

இனியவனைத் திரும்பத் தன் லைனுக்கே தரும்படி நடேசனிடம் கேட்டுப் பார்த்தான். “தெனம் ஒருத்தர மாத்த இது இன்னா மியூசிக்கல் சேராயா?” என்று அவர் துரத்திவிட்டார். உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் கேட்டிருப்பார். ஒரு மோர்த்தூக்கைக் காட்டி என்னை ஆட்டிவைத்துவிட்டான் சார் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போனான். மாமியார் கங்கம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை அவன் முன்னால் வைத்துவிட்டு, வா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனாள். பிரவீனா வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நயினார் நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல, தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அவனுக்கே புதிதாகக் கேட்டது.

“மன்னிச்சிரு பிரவீனா. வீட்டுக்கு வா. வேலைய விட்றாத.”

“எப்டி வர்றது? பஸ்ல ஏறுனா நாப்பது பேரு மூஞ்ச பாக்கணும். எனக்கு அந்த வேல புடிக்கும்னு உனக்குத் தெரியும் இல்ல?” என்றாள். மாமா என்று அவள் கூப்பிடவில்லை. “அல்லாரும் கேக்கறா மாதிரி திட்டுன இல்ல? அல்லாரும் கேக்கறா மாதிரி சொல்லு. வர்றேன்.”

அவன் தலையாட்டினான். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இவ்வளவு ஆகிவிட்டது என்று, கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் தன் ஷிப்டுக்கே மாற்றி வாங்கினான்.

மாற்றம் கிடைத்த அன்று காலையில் அவள் சொன்னபடி வந்தாள். அந்த மூன்றாவது சீட்டில் முதல் தடவையாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவளைத் திட்டியபோது பார்த்தவர்கள் மத்தியான ஷிப்ட்காரர்கள்தான். ஆனால் அது காலை பஸ்ஸுக்கும் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது, கூடக் கொஞ்சம் கையும் காலும் முளைத்து. பஸ் கம்பெனியை நெருங்கும்போதுதான் நயினார் எழுந்து நின்றான். 

“எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. அன்னைக்கு நான் கோவத்துல எம் பொண்டாட்டிய எல்லார் முன்னாலயும் ஏசிட்டேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. ஒங்க முன்னாலயே அவகிட்ட மன்னிப்பு கேக்கேன்.”

 பின் சீட்டிலிருந்து மணியின் குரல் வந்தது.

“எந்த ஆம்பளைய்யா இப்படி பஸ்ல நின்னு மன்னிப்பு கேப்பான்? நயினாருக்குத் தங்கமான மனசு. கை தட்டுங்கப்பா!”

தட்டினார்கள். பஸ்ஸே தட்டியது. டிரைவர் அப்பாவு கண்ணாடியில் பார்த்து, “சூப்பர்பா” என்றார். எதிர் சீட்டுப் பெண் எட்டி பிரவீனாவின் தோளைத் தொட்டாள்.

“இப்டி ஒரு ஆம்பள கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். அவரே பெரிய மனசு பண்ணி வுட்டுட்டாரு. இனிமேனா ஒயுங்கா இருந்துக்கோம்மா.”

நயினார் உட்கார்ந்தான். பிரவீனா சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தாழ்ந்த குரலில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“நீ கோவப்பட்டதுக்கு மன்னிப்பு கேட்ட. நான் ஒண்ணும் பண்ணலன்னு சொன்னியா?”

அவன் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்ததில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அதைச் சொன்னால் பிறகு எதை வைத்துச் சந்தேகப்பட்டாய் என்று கேட்பார்கள், தான் ஏமாந்த கதையை லைன் ஆட்கள் முன்னால் அவிழ்க்க வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்பட்டு, தனக்கே தெரியாமல் அதை விட்டுவிட்டிருந்தான். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டாவது முறையும் அவளைத்தான் முன்னால் தள்ளியிருக்கிறான்.

“இரு, இப்பச் சொல்லுதேன்” என்று எழுந்தான். “ஏங்க, எல்லாரும்... பிரவீனா எந்தத் தப்பும் பண்ணலைங்க. நாந்தான்...”

பஸ் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. கதவு திறந்தது. வருகை பஞ்ச் வைக்க நேரமாகிவிட்டது என்று எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். போகிற போக்கில் ஒருவன், “அதான் சொல்லிட்டியேணா, வுடு” என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான். பிரவீனாவும் இறங்கி, பெண்கள் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் அரை அடி முன்னால் நகர்ந்துகொண்டாள். பின்னால் வந்தவள் அரை அடி தள்ளி நின்றாள்.

நயினார் படியில் நின்று, “அவ ஒண்ணும் பண்ணலைங்க” என்று மறுபடியும் கத்தினான். யாரும் திரும்பவில்லை.