யாருக்கும் தோணுகிற விசிறி

"இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு இருக்கு, யுவர் ஆனர்? இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் அரை நாள்ல தோணியிருக்கும்" என்று கம்பெனி வக்கீல் கையை விரித்தபோது, வழக்குப் போட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக், தன் பக்கத்தில் இருந்த மனைவியைத்தான் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷமாகச் சாப்பாடு போடும்போதெல்லாம் அவள் சொல்லிவந்ததும் இதேதான். வக்கீலாவது காசு வாங்கிக்கொண்டு சொன்னார். இவள் சும்மாவே சொன்னாள்.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் சுற்றும் விசிறி தூசியை இழுத்து இழுத்து அடைத்துக்கொள்ளும். போட்டவுடன் பத்து விநாடி அதை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால், தூசி வந்த வழியே போய்விடும். ரிப்பேர் கடையில் மண்டையை உடைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்து, காப்புரிமையும் வாங்கியிருந்தார் மனிதர். பெரிய கம்பெனி ஒன்று அதை அப்படியே சுருட்டிக்கொண்டது. கேட்டால், யாருக்கும் தோணுகிற விஷயத்துக்குக் கொடுத்த அந்த உரிமையே செல்லாது என்றது. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தாயிற்று. இங்கே மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் செல்லாது என்றுவிட்டால் என்ன செய்வது? பணம் போனால் போகட்டும். இவள் சொன்னதையே கோர்ட்டும் சொல்லிவிடுமே!

அடக் கடவுளே, அவள் எழுந்துவிட்டாள்.

"ஏங்க வக்கீல் சார், அரை நாள்ல தோணும்னா உங்க கம்பெனியில நானூறு இன்ஜினியர் இருக்காங்களே, அவங்களுக்கு ஏன் தோணல? எல்லாரும் லீவா?"

மெக்கானிக் அவள் கையைப் பிடித்து இழுத்தார். நடு நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க நீங்க பேசக்கூடாதும்மா. இன்னொரு தடவை எழுந்தா வெளிய அனுப்பிடுவேன்." பிறகு வக்கீல்கள் பக்கம் திரும்பினார். "அந்த நானூறு பேர் விவரம் கீழ்க்கோர்ட் ஆவணத்துல இருக்கா?"

இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். மெக்கானிக்கின் வக்கீலே அதை மறந்து தொலைத்திருந்தார். இப்போது தானே அவளைக் கேட்கச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எடுத்து நீட்டினார்.

"மூணு வருஷம் இந்தத் தூசியோட போராடியிருக்காங்க போலிருக்கே" என்றார் நீதிபதி. "அரை நாள்னு சொன்னீங்க?"

கம்பெனி வக்கீல் தண்ணீர் குடித்தார். தீர்ப்பைத் தேதி சொல்லாமல் ஒத்திவைத்தார்கள்.

பஸ்ஸில் மெக்கானிக் மெல்ல ஆரம்பித்தார். "யாருக்கும் தோணும்னு நீதானே சொல்லிட்டிருந்தே?"

"நான் சொல்லுவேன். சொல்றதுக்கு அவன் யாரு?"

எதிர்சீட்டுக்காரர் கோர்ட்டில் காட்டக் கொண்டுபோய் இப்போது அவள் மடியிலிருந்த மாதிரி விசிறியைக் காட்டி, என்ன அது என்று விசாரித்தார்.

"எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சதுங்க" என்று தொடங்கினாள். பத்து விநாடியைப் பத்து நிமிஷமாக்கினாள். வெளியே போகிற தூசியை உள்ளே அனுப்பினாள். இந்த வழக்கில் இதுவரை நான்கு வக்கீல்களை வார்த்தைக்கு வார்த்தை திருத்தியவர், இவளைத் திருத்தவில்லை. அவள் விரல் காற்றில் தப்பான பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.