விளக்கு அணையாமல் இருக்க

ஆயுதபூசை என்றால் குருவுக்குக் கால் தரையில் பாவாது. மலேசியாவின் போர்ட் கிள்ளானில் செம்பு பிரித்தெடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவனுக்கும் மனைவி குமுதாவுக்கும் ஒரே ஷிப்ட். மின்சுற்றுப் பலகை செய்கிற இடங்களிலிருந்து செம்பு கரைந்த பச்சைத் தண்ணீர் டிரம் டிரம்மாக வரும். தொட்டியில் ஊற்றிக் கரண்ட் விட்டால் ஒரு பக்கத் தகட்டில் செம்பு படியும், மறுபக்கத்தில் குளோரின் வாயு கிளம்பும். அதை உறிஞ்சி வெளியேற்றத்தான் தொட்டிக்கு மேல் பெரிய ஃபேன். சோறு போடுகிற தொட்டி என்று வருடாவருடம் அதன் முன்னால் குரு நெடுஞ்சாண்கிடையாக விழுவான். விழுந்தால் லேசில் எழமாட்டான். தூங்க ஒரு சாக்கு என்று குமுதா கிண்டலடிப்பாள்.

போன வருடமும் மெஷின்களை நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். கரண்டை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் படிந்த செம்பு திரும்பவும் கரைந்துவிடும். முதலாளி நாகப்பன் கற்பூரம் கொளுத்தினார், ஃபேன் காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடியும் அணைந்தது. பூசையில் விளக்கு அணைந்தால் யார் மனசு தாங்கும்?

"குமுதா, அந்த ஃபேன ஆஃப் பண்ணு லா. ரெண்டு நிமிஷந்தானே."

"கரண்ட் ஓடுதே, பாஸ்."

"சாமி பாத்துக்கும்மா."

சாமியை இழுத்துவிட்டால் எதிர்த்துப் பேச நம்மில் யாருக்கு வாய் வரும்? அவளே போய் ஃபேனை நிறுத்தினாள். சுடர் ஆடாமல் நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாம்பிராணிப் புகையில் வேறு வாடை எதுவும் தெரியவில்லை. குளோரின் காற்றைவிடக் கனமானது. நின்றவர்களை விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் பரவியது. குரு அங்கேதான் விழுந்து கும்பிட்டான்.

மணிச் சத்தத்தில் அவன் இருமல் கேட்கவில்லை, தோள் குலுங்கியதுதான் தெரிந்தது. உருகி அழுகிறான் என்று நினைத்தார்கள். கும்பிடுகிறவனை யாராவது தொட்டு எழுப்புவார்களா? "இன்னைக்கு ரொம்ப நேரமா வேண்டிக்கிறாரு" என்று குமுதாவே சிரித்தாள். கீழே வைத்திருந்த குங்குமத்தை எடுக்கக் குனிந்தபோதுதான் அவளுக்குத் தொண்டை எரிந்தது. அலறிக்கொண்டே கரண்டை நிறுத்தினாள், ஃபேனைப் போட்டாள், புருஷனை வெளியே இழுத்தாள். அவன் வாயில் நுரை தள்ளியிருந்தது.

உயிர் பிழைத்தான். நுரையீரல்தான் வெந்துபோயிருந்தது. ஃபேனை நிறுத்தியது தன் கை என்ற நினைப்பு குமுதாவைச் சோறு தின்ன விடவில்லை.

இந்த வருடம் பூசைக்கு வந்தே தீருவேன் என்று குரு ஒற்றைக்காலில் நின்றான். கூடவே ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தது.

"வாசல்லயே நில்லுங்க. மூக்குல டியூப்போட நெருப்புகிட்ட வரக்கூடாது" என்றாள் குமுதா.

செம்பு கரைந்தால் கரையட்டும் என்று இந்த முறை உள்ளே கரண்டையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் ஃபேனைத் தொடக் குமுதா யாரையும் விடவில்லை. நாகப்பன் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கற்பூரத்தைக் கொளுத்தினார். கொளுத்தக் கொளுத்த அணைந்தது.

"குமுதா, விளக்கு எரியுதா?" வாசலிலிருந்து குரு மூச்சு வாங்கக் கேட்டான்.

அவள் கரிந்த தட்டைப் பார்த்தாள்.

"நல்லா எரியுதுங்க."

குனிந்தால் மூச்சு முட்டும் என்பதால் குரு நின்றபடியே கைகூப்பினான்.