களர்மண் சீதனம்

மண்ணூர் லூர்துராஜுக்கு இரண்டு இடத்தில் நிலம். ஒன்று வீட்டை ஒட்டின தோட்டம். வற்றாத கிணறு, தென்னை, எலுமிச்சை என்று பார்க்கிறவர் வயிறு எரிகிற மாதிரி இருக்கும். இன்னொன்று ஊருக்கு வெளியே மேய்ச்சல் புறம்போக்கை ஒட்டிக் கிடக்கிற களர். ஒரே மகள் லிசாவின் கல்யாணத்தில் அந்தக் களரைச் சீதனமாகத் தள்ளிவிட்டு, தோட்டத்தைக் கண்ணை மூடுகிற வரைக்கும் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் தவக்காலம் பூராவும் அவர் உருகி உருகிச் செய்த ஜெபம். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தானா? தெருவுக்கே தெரியும்.

அந்தக் களரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காய்ந்து கிடக்கும்போது கடப்பாரையைப் போட்டால் கணீரென்று கேட்கும். நனைந்தால் சோப்பு. இரண்டுக்கும் நடுவில், மண் என்று மரியாதையாகச் சொல்லும்படி ஒரு நிலை அதற்குக் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பள்ளத்தில் தேங்கினது வாரக்கணக்கில் தெளியாமல், பால் மிச்சம் பிடிக்கிற கடைக்காரன் போட்ட டீ மாதிரி நிற்கும். வெயில் ஏறினால் மேலே வெள்ளை பூத்து, ஓடு ஓடாக வெடிக்கும். சீமைக்கருவேலத்தையும் வழுக்கைத் தலையில் மிஞ்சின மயிர் மாதிரி கொஞ்சம் புல்லையும் தவிர அங்கே எதுவும் முளைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் ஆடுகள் அங்கே மேய்வதாகப் பேர். மேய்வதைவிட நக்குவதுதான் அதிகம்.

விவசாய ஆபீசர் ஒருவர் ஒரு தரம் வந்து பார்த்தார். "சோடியம் ஏறிப்போன களிமண். ஜிப்சம் போட்டு உழுது, நல்ல தண்ணி கட்டி நிறுத்தி வடிச்சு விடுங்க. சில வருஷத்துல திருந்தும்" என்றார். மானியத்தில் மூட்டைகளும் வந்து இறங்கின. லூர்துராஜ் அந்த ஜிப்சத்தைக் குழைத்து எல்லைக் கற்களுக்கு வெள்ளை பூசினார். எல்லை தெரிந்தால் போதும், மண் திருந்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார்.

கார் கம்பெனி வந்த பிறகு, தெற்கத்திப் பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க, நாலு சுவர் வைத்திருந்தவனெல்லாம் ரூம் வாடகை முதலாளி ஆனான். அதுவரை நிலம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த புரோக்கர் ரகுபதி வரனும் பார்க்க ஆரம்பித்தார். அவர் கணக்கில் இரண்டும் ஒரே வேலைதான். மணிமங்கலத்து ஜெபர்சன் என்ற மாப்பிள்ளையை அவர்தான் கொண்டுவந்தார். ஒரகடம் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்ணோடு நிலமும் வந்தால் வரிசையாக ரூம் கட்டி விடலாம் என்பது மாப்பிள்ளை வீட்டு யோசனை. ஈஸ்டர் முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, நிலத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணை ஏற்கெனவே போட்டோவில் பார்த்தாகிவிட்டதாம்.

மனை பிரித்து விற்கிற லேஅவுட்காரர்கள் செய்வதை லூர்துராஜ் பார்த்து வைத்திருந்தார். லாரியில் செம்மண் கொண்டுவந்து களரின் மேல் தோசைக்கு எண்ணெய் தடவுகிற கனத்துக்குப் பரப்பினார். மூலைக்கு மூலை கலர் கொடி நட்டார். சனிக்கிழமை அடித்த காற்றில் செம்மண் பறந்து அங்கங்கே வெள்ளை தலைகாட்டியது. ஞாயிறு காலையில், பறக்காமல் படியட்டும் என்று டேங்கர் தண்ணீருக்குச் சொல்லிவிட்டார். லேஅவுட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் லேஅவுட்காரன் தண்ணீர் விடுகிற தரை வேறு என்பதை, பிறந்ததிலிருந்து அந்தக் களரில் வழுக்கி விழுந்து எழுந்த மனுஷன் மறந்துபோனார்.

டேங்கர் டிரைவர் பாபு கேட்டான். "தெளிக்கணுமா, ஊத்தணுமா?"

"ஊத்துய்யா. நல்ல காரியம், தெளிச்சா கஞ்சத்தனமா தெரியும்."

எலுமிச்சம்பழத்தைக்கூட எண்ணி விற்கிற லூர்துராஜ் வாழ்க்கையில் தாராளமாக இருந்தது அந்த ஒரு காலைதான்.

வரப்பில் ஆடுகளோடு நின்ற கங்கம்மாள் கொடிகளை அண்ணாந்து பார்த்தாள். "இன்னாண்ணா, ஏரோப்ளேன் எறங்குதா?"

"மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. உன் ஆட்ட இந்தப் பக்கம் உட்டுடாத."

"எங்க ஆட்டுக்கு உவருதாண்ணா புடிக்கும். நீ இட்டுவெச்ச பவுடர் அதுக்கு ஒத்துக்காது."

மாப்பிள்ளை வரவில்லை. ஓ.டி.யாம். அவனுடைய தாய்மாமன் சவுரியப்பன் ரகுபதியின் வேனில் வந்து இறங்கினார். காலில் பளபளவென்று பிரவுன் ஷூ. காலைவிட ஷூ பெரிதாக இருந்ததால் நடக்கும்போது அவர் ஒரு தரமும் ஷூ ஒரு தரமும் அடி வைத்தார்கள்.

"நல்ல செவப்பா கீதே" என்றார் வரப்பில் நின்று.

"ஆதிலேர்ந்து செம்மண்ணுதாங்க" என்றார் லூர்துராஜ், பூசை முடிந்து வந்த அதே வாயால்.

நிலம் பார்க்கத் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? சவுரியப்பன் நாலடி உள்ளே போய்க் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பாலின் மேல் ஆடை விலகுகிற மாதிரி செம்மண் ஒதுங்கியது. கீழே நனைந்து ஊறிக்கிடந்த களி அவரை மேளதாளம் இல்லாமல் உட்கார வைத்தது. தூக்கப் போன ரகுபதி பக்கத்தில் உட்கார்ந்தார். லூர்துராஜ் இருவரையும் தாண்டி வழுக்கிப் போய்க் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். ஒருவழியாக சவுரியப்பன் எழுந்து காலை இழுத்தபோது கால் மட்டும் வந்தது. ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

"உன் செம்மண்ணு எம்மாம் ஆழம்யா?" என்றார், ஒற்றைக்கால் சாக்ஸோடு.

"மேலாப்புல... கொஞ்சம்."

அவர் நொண்டிக்கொண்டே போய் வேனில் ஏறினார். ரகுபதி சீட்டில் பேப்பர் விரித்தார்.

அந்த வாரம் அடித்த வெயில் சொல்லி முடியாது. களர் இறுகிக் கல்லானது. ரகுபதி மறுபடி வந்தபோது லூர்துராஜ் பரபரப்பாக எழுந்து நாற்காலி போட்டார்.

"இன்னா சொல்றாங்க?"

"அந்த ஷூ மாப்ளயோடதாம். மச்சான் கல்ப்லேர்ந்து எடுத்தாந்தது. மாமங்காரன் கேக்காம மாட்டிகினு வந்துட்டாரு. ஷூவக் குடுத்து அனுப்பச் சொல்றாங்க."

"சம்பந்தம்?"

"மொதல்ல ஷூ. அப்பறம், களரு வாணாம், தோட்டத்த எழுதறதா இருந்தா பேசலாம்னு..."

தோட்டம் என்றதும் லூர்துராஜின் மனைவி அன்னபுஷ்பம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் யாருக்கோ உயிர் போன மாதிரி இருந்தது அந்த முகம். ஷூவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் மனசு இளகிக் களரையே வாங்கிக்கொள்வார்கள் என்று லூர்துராஜ் கடப்பாரையோடு கிளம்பினார்.

போட்ட முதல் அடிக்கே கடப்பாரை எகிறிக் கையை உதறவிட்டது. ஊர் கூடிவிட்டது.

"தண்ணி ஊத்தி ஊற வையிண்ணா" என்றாள் கங்கம்மாள்.

குடம் குடமாக ஊற்றினார்கள். தட்டில் ஊற்றினது மாதிரி தண்ணீர் மேலேயே நின்றது. மேல்தோல் மட்டும் வழவழத்தது, அதில் லூர்துராஜ் இன்னொரு தரம் விழுந்தார். உள்ளே ஷூ வாயை மட்டும் திறந்துகொண்டு அசையாமல் இருந்தது.

அப்போது லிசா ஷிப்ட் முடிந்து, கம்பெனி யூனிபார்மோடு அங்கே வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ரகுபதியிடம் திரும்பினாள்.

"அந்த மாப்ள என்னப் பத்தி இன்னா கேட்டாருண்ணா?"

ரகுபதி உண்மையாகவே யோசித்தார். "எந்த ஷிப்ட்டுனு கேட்டாரும்மா."

"வேற?"

"ஷூவுல கீறல் கிறல் விழாம பாத்துக்கச் சொன்னாரு."

லிசா சிரிக்கவில்லை. "ப்பா, தோண்டாத. சுத்தி வெட்டு. கட்டியோட எடுத்துக் குடுத்துடலாம்."

சுற்றி வெட்டவே மத்தியானம் முடிந்துபோனது. தலையணை அளவுக்கு ஒரு கட்டி, நடுவில் ஷூ. அதைச் சிமெண்ட் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். வேன் சீட்டில் இதை ஏற்ற முடியாது என்று ரகுபதி ஒதுங்கிக்கொண்டார்.

"பஸ்ஸுல போட்டு அனுப்பறோம், வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள் லிசா. "தோட்டம் கெடையாது. பொண்ணும் கெடையாது. அதையும் சேத்து சொல்லிடுங்க."

அன்னபுஷ்பம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். லூர்துராஜ் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்க வேண்டும். வாரம் பூராவும் கறுத்துக் கிடந்த முகம் தெளிந்தது. மகளை ஒரு தரம், தோட்டம் இருக்கிற திக்கை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் யாரையும் தொடவிடாமல் சாக்கைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.