பாத்ரூமுக்கு மூன்று விளக்கு

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு விளக்கு ஒன்றுதான். அதன் சுவிட்சும் கதவுக்கு வெளியே இருந்தது. அந்தப் பக்கமாக நடக்கும்போதெல்லாம் என் மாமனார் சின்னுசாமியின் கை தானாகவே அந்தச் சுவிட்சைத் தேடிப் போகும். உள்ளே நான் கண்ணை மூடிக்கொண்டு தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறந்தால் கும்மிருட்டு.

“மாமா, நான் உள்ளதான் இருக்கறேன்.”

“சத்தங் கேக்கலைன்னு அணைச்சுட்டேன் சாமி. தண்ணி மோந்து ஊத்துனாத்தான ஆளிருக்கறது தெரியும்.”

ஆக, வெளிச்சம் வேண்டுமென்றால் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோப்புப் போட நேரம் எடுத்துக்கொண்டால் இருட்டு.

எருமப்பட்டிப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கோழிச் செட்டை ஒட்டினாற்போல் வீடு. பகலெல்லாம் முட்டை எடுத்து, தட்டில் அடுக்கி, வண்டி ஏற்றி, ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். அதன் பிறகு குளிக்கப் போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாளில் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். அதையும் அடுத்தவர் விரல் முடிவு செய்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நகை கேட்டதில்லை, விளக்குக் கேட்டேன்.

நாமக்கல்லிலிருந்து கலையரசன் என்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்.

“கண்ணாடிக்கு ஒண்ணு, குளிக்கற பக்கம் ஒண்ணு, ராத்திரிக்கு மங்கலாச் சின்னதா ஒண்ணு. தண்ணி படாத எடமாப் பாத்து மூணு சுவிட்சும் உள்ளயே வெச்சுரலாங்க்கா.”

“எத்தனை ஆகும்?” என்றார் என் கணவர் தமிழரசு.

“நாப்பத்திரண்டாயிரம் ஆகுங்க.”

“மூணு பல்புக்கா?”

“பல்புக்கு இல்லீங்க. இப்ப வர்றது ஒரே லைன். மூணையும் தனித்தனியாப் பிரிக்கோணும்னா செவுத்தைக் கொத்திக் குழாய் பதிக்கோணும். டைல்ஸ் ஒடையும். அதே டைல்ஸ் இப்பக் கெடைக்காது. அப்ப அந்தச் செவுத்துக்கே புதுசு ஒட்டோணுமுங்க.”

எங்கள் வீட்டில் எந்தச் செலவும் முட்டையாக மாறாமல் உள்ளே நுழையாது. என் கணவர் கண்ணை மூடித் திறப்பதற்குள், “எட்டாயிரத்துச் சொச்சம் முட்டை” என்றார். “புரட்டாசி போகட்டும். ரேட்டு ஏறுனாப் பாக்கலாம்.”

மாமனார் தன் பங்குக்கு, “மொகம் பாக்க ஒரு வெளிச்சம், மேலுக்கு ஊத்த ஒரு வெளிச்சமா?” என்று கேட்டு வைத்தார். கலையரசன் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர், கோழிச் செட்டுக்கு வயரிங் பார்க்கிற பச்சமுத்துவைக் கூட்டி வந்தார். பச்சமுத்து சுவரைத் தொடவே இல்லை. டைல்ஸ் மேலேயே பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி வயரை இழுத்தார். செட்டுக்கு வாங்கி மிஞ்சிய மூன்று பல்புகளை மாட்டினார். வெளியே இருந்த சுவிட்சைப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் வயரின் முனையைக் கொண்டுபோய்ச் செட்டில் இருந்த டைமரில் சேர்த்தார்.

முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் தருவது போதாது. அதனால் டைமர் விடிவதற்கு முன்னாலேயே செட்டு விளக்கைப் போடும், விடிந்ததும் அணைக்கும், பொழுது சாய்ந்ததும் மறுபடி போட்டு இரவு எட்டரைக்கு அணைக்கும். இனி எனக்கும் அதே நேரம்தான்.

“ஒருத்தரும் தொட வேண்டியதில்லை. அதாவே போட்டு அதாவே அணைச்சுக்கும்,” என்றார் என் கணவர். “ஆயரத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு பாரு.”

“ஏனுங்க, நான் ஒம்பது மணிக்குல்ல குளிக்கறேன்.”

“எட்டு மணிக்குக் குளிச்சுக்க.”

மூன்று விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. மாமனார் அணைத்தாலாவது உள்ளேயிருந்து குரல் கொடுக்கலாம். டைமரிடம் என்ன குரல் கொடுப்பது? என்னைக் கோழிக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்று அன்றிரவு இருட்டில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது.

மறுநாள் சாயங்காலம் செட்டுக்குப் போய், டைமரில் எட்டரை என்று இருந்ததைப் பத்து என்று திருகி வைத்தேன். ஒன்பது மணிக்கு நிதானமாகக் குளித்தேன். சோப்பைக்கூட இரண்டு தடவை போட்டேன். தீவனம் அரைக்க நாலு மணிக்கு எழுகிற என் கணவர் எட்டு மணிக்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது மாமனார் என் கணவரிடம் வாயைத் திறந்தார்.

“ஏந்தம்பி, கோழிக்கு லைட்டு நேரத்தை ஏத்தீட்டயாட்ட இருக்குது? ஒரு வாரமாப் பாக்கறேன், செட்டுல பத்து மணி வரைக்கும் எரியுது.”

“அதை அப்பவே சொல்றதில்லைங்களாப்பா?”

“கோழிச் சமாச்சாரம், காரணமாத்தான் பண்ணீருப்பீன்னு இருந்துட்டேன்.”

என் விளக்கை அணைக்க அவருக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. என் கணவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் செட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். டைமரை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

முட்டையிடுகிற கோழிக்கு வெளிச்சத்தை ஏற்றலாம். ஏற்றியதை இறக்கக் கூடாது. இறக்கினால் முட்டை குறையும், இறகு உதிரும், பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். இது பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் திருகினேன்.

“இந்தக் கோழியெல்லாம் முட்டை ஓஞ்சு கழியறக்கு இன்னும் ஒரு வருசமாகும்,” என்றார். “அது வரைக்கும் தெனமும் இத்தனை பல்பும் பத்து மணி வரைக்கும் எரியோணுமா? அந்த பில்லுல ரெண்டு பாத்ரூமு கட்டலாமே.”

“கட்டலாமுங்க.”

“கொறைச்சா முட்டை நின்னுரும்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியுமுங்க. கோழி நிறுத்தீரும்னுதான அது வெளிச்சத்துல கை வெக்கப் பயப்படறீங்க. என்னைய இத்தனை வருசமா இருட்டுல நிக்க வெச்சீங்க. நான் எதையும் நிறுத்தலை. நிறுத்த மாட்டேன்னு உங்களுக்குத் தைரியம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கலையரசனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க சொன்ன மாதிரியே செவுத்தைக் கொத்திப் பண்ணீருங்க. ஆமா, தனித்தனியாத்தான். எது எங்க வரோணும்னு ஊட்டுல சொல்லுவாங்க, கேட்டுக்கங்க.”

போனை என் கையில் கொடுத்தார். கண்ணாடி விளக்கு, குளிக்கிற பக்கம், ராத்திரி விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“துணி தொவைக்கற மூலைக்கும் ஒண்ணு போட்டு நாலாப் பண்ணீருங்க தம்பி,” என்றேன்.

என் கணவர் வாயைத் திறந்தார். டைமரை ஒரு முறை பார்த்தார். மூடிக்கொண்டார்.