நாலு எட்டு

வெந்நீர் ஊற்றுக் காவலாளிக்குக் காலையில் முதல் வேலை, தரையைத் தட்டுவது. இரும்புக் கம்பியால் தடுப்புக் கயிற்றோரம் முழுக்கத் தட்டுவான். எங்கே காலிப் பானை மாதிரிச் சத்தம் வருகிறதோ, அங்கே கயிற்றை அவிழ்த்து இன்னும் பின்னால் கட்டுவான். கிழக்குக் கரையில் ஒரே வருடத்தில் கயிறு நாலு எட்டு பின்வாங்கியிருந்தது.

வம்பு வந்ததும் அந்த நாலு எட்டால்தான்.

அன்று அவனுடைய அக்காவும் அத்தானும் மகளோடு வந்திருந்தார்கள். ஊற்றின் ஓரத்தில் செம்மஞ்சள், அப்புறம் மஞ்சள், பச்சை, நடுவில் கண்ணைப் பறிக்கும் நீலம். பார்த்தால் குதித்து நீந்தலாம்போல இருக்கும். நீலம்தான் உச்சக் கொதிப்பு.

அத்தான் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார்.

“அத்தான், வேணாம்! உள்ள வெறும் பொந்து!”

“போன வருஷம் இவளத் தூக்கிக்கிட்டு அங்கதான்டா நின்னேன். போட்டோ இருக்கு, பாக்குறியா?” அத்தான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஒரு விசிலக் குடுத்தாலும் குடுத்தாங்க, உன் தம்பி கலெக்டராவே ஆயிட்டான்.”

அக்கா சிரித்தாள். காவலாளி எட்டிக் குழந்தையைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் சிறுமி அவனுக்குப் பின்னால் பலகை நடைபாதையில் விழுந்து வீறிட்டாள்.

“எம் புள்ளையவாடா தள்ளுற?”

குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அத்தானின் சட்டையைப் பிடித்தான். அத்தான் உதறிவிட்டு, விறுவிறுவென்று நாலு எட்டு நடந்து, பழைய இடத்தில் நின்று, ஓங்கி மிதித்தார்.

“பாரு! உடையுதா? நல்லாப் பாருடா!”

மூன்றாவது மிதியில் தரை முட்டை ஓடாக நொறுங்கியது. வலது கால் முழங்கால்வரை கொதிநீருக்குள் போனது. அந்த அலறல் மனிதக் குரலாகவே இல்லை.

விழுந்த தொப்பிகளை எடுக்கும் கொக்கிக் கழியை அவன் அத்தானின் பெல்ட்டில் மாட்டி, தரதரவென்று இழுத்துப் பலகையில் போட்டான். ஆம்புலன்சுக்குச் சொல்லும்படி யாரிடமோ கத்திக்கொண்டே, ஓரத்துப் பீப்பாயிலிருந்த பச்சைத்தண்ணீரைச் செம்பு செம்பாகக் காலில் ஊற்றினான்.

“சாக்ஸக் கழட்டுடா பாவி!” அக்கா குனிந்தாள்.

“தொடாதக்கா, தோலோட வந்துரும்!”

அவள் அவன் முதுகில் குத்தினாள், முடியைப் பிடித்து உலுக்கினாள். அவன் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அத்தானின் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. “பாப்பா… பாப்பா எங்கடா?”

“இங்கதான் அத்தான். முட்டி மட்டும் செராய்ச்சிருக்கு.”

அத்தான் அவனுடைய ரத்தச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.