தோய் தோய் தோய்

பிராவ் வீகண்ட் வேண்டாமென்றால் என் மகள் டெல்சி பச்சைத்தண்ணி கூடக் குடிக்க மாட்டாள். பால் தொட மாட்டாள். மீன்குழம்பில் உறைப்புக் கொஞ்சம் கூடிவிட்டால் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிராவ் வீகண்ட் சொன்னவ, தொண்டைக்குக் கூடாதாம்" என்பாள். பத்தொன்பது வருசமாக அந்தத் தொண்டையை அந்த உறைப்போடு வளர்த்தவள் நான். போன வருசம் வந்த ஜேர்மன்காரப் பாட்டு ரீச்சருக்கு அதன்மேல் என்ன உரித்து? கேட்டால் எனக்குப் பொறாமை என்கிறார் என் மனுசன் றெக்ஸ். ஓம், பொறாமைதான்.

டெல்சிக்கு மியூசிக்கல் படிக்க வேண்டும். பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் சேர்த்து மேடைக்குப் பழக்குகிற படிப்பு. பேர்லினில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் வருசத்துக்குப் பத்துப் பேரைத்தான் எடுப்பார்கள். சோதனைக்கு நூற்றுக்கணக்கில் வருவார்கள். போன வருசம் முதல் சுற்றிலேயே இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் சரிவராவிட்டால் பல் டொக்டரிடம் உதவியாளர் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்குவதாகத் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். றெக்ஸ் நாங்கள் இருக்கிற நொய்கெல்ன் பகுதியிலேயே ஒரு டொக்டரைப் பிடித்தும் வைத்திருந்தார். இந்த முறை பிள்ளை இரண்டு சுற்றுத் தாண்டிவிட்டாள். கடைசிச் சுற்று மட்டும் மிச்சம்.

வீகண்ட் வருவதற்கு முன் டெல்சிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது நான். தேவாலயத்தில் மாதம் ஒருக்கால் நடக்கிற தமிழ்ப் பூசையில் பாடற்குழுவை நடத்துகிறவளும் நான்தான். வரி முடிகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் வளைத்து இறக்குவேன். அதைக் கேட்கவே சனம் வரும். சுவாமியின் பிரசங்கத்தைக் கேட்க யாரும் வருவதாக நான் நினைக்கவில்லை. டெல்சியின் குரலிலும் அதே வளைவு இருந்தது. வீகண்ட் முதல் நாளே, "இது என்ன வழுக்குவது? நேராக நிறுத்து" என்று சொல்லிவிட்டா. ஒரு வருசமாக அந்த மனுசி என் வளைவைப் பிள்ளையின் தொண்டையிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்தா. இப்போது பூசையில் பக்கத்தில் நின்று பாடினால், என் குரல் வளைகிறது, அவளுடையது கம்பி மாதிரி நிற்கிறது.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு, கண்பட்டது போக அவளுக்கு நாவூறு கழிக்கப் போனேன். தலையைச் சுற்றி, மூன்று தரம் துப்பி, அடுப்பில் போட்டு எரிக்கிறது. முதலாம் பிறந்தநாளிலிருந்து ஒரு முக்கிய காரியத்துக்கும் தவறவிட்டதில்லை. சுவாமிக்குத் தெரிந்தால் பேசுவார், அது வேறு கதை.

"அம்மா, மிளகாய்ப் புகை ஏலாது," என்று கைகளை விரித்து அடுப்பை மறைத்தாள் டெல்சி. "பிராவ் வீகண்ட் சொன்னவ, ஒரு புகையும் கிட்ட வரக்கூடாதாம்."

மிளகாயை லேஞ்சித் துணியில் முடிந்து கைப்பைக்குள் எறிந்தேன். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. டெல்சி அடுப்பை விட்டு நகராமலே எட்டிப் பொத்தானை அமத்தி ஸ்பீக்கரில் போட்டாள். வீகண்டின் குரல். நாளைக்கு எட்டு மணிக்குக் கல்லூரிக்கு வந்து நிற்பாவாம். வைக்கிற நேரத்தில் தெளிவாகச் சொன்னா: "தோய், தோய், தோய்!"

எனக்குக் காது சிவந்தது. எங்கள் பேச்சில் தோய் என்றால் தலைக்குக் குளி. இவள் அந்த மனுசிக்குத் தமிழும் படிப்பித்துக் கொடுத்துவிட்டாளா? பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தப் பாசை ஒன்றுதான். அதையும் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை எப்போது தோய வேண்டும் என்று எனக்குக் கேட்கவே ஓடர் போடுகிறா!

விடிய டெல்சி துவாயோடு குளியலறைக்கு வந்தபோது நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போறாய்?"

"தோயப் போறன்."

"அவ சொன்னவுடனை தோயவேணுமோ? மாசிக் குளிருக்குள்ள தலையை நனைச்சுத் தடிமன் வந்தால் ஆர் பாடுறது? அவவோ?"

"எவ அம்மா?"

"உன்ர பிராவ் வீகண்ட்! மூண்டு தரம் சொன்னவ, தோய் தோய் தோய் எண்டு. எனக்கென்ன காது கேக்காதோ?"

டெல்சி துவாயை முகத்தில் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திச் சிரித்தாள். "ஐயோ அம்மா, அது ஜேர்மன்! மேடைக்கு ஏறப்போற ஆக்களுக்குச் சொல்லுறது."

"என்ன கருத்து?"

"எனக்கும் வடிவாத் தெரியாது. நல்லா வரட்டும் எண்டுதான். விடுங்கோ, நேரம் போகுது."

இந்த நாட்டில் பதினேழு வருசம். துப்புரவு வேலைக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் வேண்டிய ஜேர்மன் எல்லாம் தெரியும். மேடைக்கு ஏறுகிற ஆட்களோடு எனக்கு என்ன பழக்கம்? யு-பான் ரயிலில் போகும்போது டெல்சி இடைக்கிடை என்னைப் பார்த்து வாயைப் பொத்தினாள். நான் சிரிக்கவில்லை.

கல்லூரி நடையில் வீகண்ட் ஏற்கெனவே வந்து நின்றா. மெல்லிய மனுசி, கழுத்தில் பெரிய சால்வை. அவவைக் கண்டவுடன் டெல்சி என் கையை விட்டுவிட்டாள். வீகண்ட் அவளின் இரண்டு தோளையும் பிடித்து, இடது தோளுக்கு மேலால் மூன்று தரம் துப்புகிற மாதிரி, "தோய், தோய், தோய்" என்றா.

"அது என்ன செய்கிறீர்கள்?" என்று ஜேர்மனில் கேட்டேன்.

"பிசாசு கிட்ட வராமல் இருக்கத் துப்புவது. உண்மையாகத் துப்பினால் அசிங்கம் என்று வாயால் சொல்லி விடுவோம்."

என் வயிறு பற்றி எரிந்தது. என்னை நாவூறு கழிக்க விடாமல் தடுத்துவிட்டு, அதே துப்பலை, அதே மூன்று தரம், என் கண்ணுக்கு முன்னால் என் பிள்ளைக்குத் துப்புகிறா. அதுவும் மிளகாய் இல்லாமல், உப்பு இல்லாமல், அரைகுறையாக.

டெல்சி என்னிடம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் துப்பேல்லையோ?"

"உனக்குத்தான் துப்பியாச்சே. அது காணும்."

அவளின் முகம் சுருங்கியது. அதற்குள் கதவு திறந்து அவளின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

கதவு மூடினவுடன் எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அந்தக் கதவைச் சுற்றி மூன்று தரம் காட்டி, தூ, தூ, தூ என்று துப்பினேன். நிற்கிற பிள்ளைகளெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். வீகண்ட் கிட்ட வந்து லேஞ்சிக்குள் எட்டிப் பார்த்தா.

"மிளகாயா? பிறகு என்ன செய்வீர்கள்?"

"எரிப்பது. நீங்கள்தான் விடவில்லையே."

அவ ஒரு பெருமூச்சு விட்டா. "உங்களில் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? ஒவ்வொரு பாடத்திலும் 'என் அம்மா சொன்னவ, என் அம்மா இப்படித்தான் பாடுவா.' நான் நேராக்கி அனுப்புவேன். பூசையில் உங்களோடு பாடிவிட்டு வளைத்துக்கொண்டு வருவாள். என் பேச்சு அவளிடம் எடுபடவேயில்லை."

நான் மனுசியை முதல் தரமாக முழுசாகப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஒரு வருசமாக நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது.

உள்ளே பியானோ தொடங்கியது. டெல்சி பாடினாள். முதல் வரி நேர். இரண்டாவது நேர். வீகண்ட் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தா. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. கடைசி வரி முடிகிற இடத்தில் குரல் மெல்ல வளைந்து இறங்கியது. என் வளைவு. அச்சாக என்னுடையது.

"வந்துவிட்டது," என்று வீகண்ட் கண்ணை மூடினா.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையைத் தட்டப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் யோசித்தேன். இந்த வளைவுக்காகவோ போன வருசம் இவளைத் திருப்பி அனுப்பினவர்கள்? இதற்காக இன்றைக்கும் அனுப்பிவிட்டால்? என் பிள்ளை என் குரலை வைத்துக்கொண்டு பல் டொக்டரிடம் போய் நிற்பாளே. லேஞ்சியை இறுக்கிப் பிடித்தேன். மாதாவே, வேண்டுமென்றால் அந்த வளைவை எடுத்துவிடு, அவளை உள்ளே விடு என்று கேட்டேன். ஒரு வருசமாக நான் சண்டை பிடித்ததை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மத்தியானம் ஒருவர் வெளியே வந்து எடுபட்ட இலக்கங்களை வாசித்தார். டெல்சியின் இலக்கமும் இருந்தது. அவள் ஓடி வந்து எங்கள் இரண்டு பேரின் கழுத்திலும் ஒன்றாகத் தொங்கினாள். யாரை முதலில் பிடித்தாள் என்று கவனித்தேன். வீகண்டும் கவனித்தா.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தா. குட்டை முடி, கறுப்பு உடுப்பு. இனி டெல்சிக்குப் பாட்டுப் படிப்பிக்கப்போகிற புரொபெசர். டெல்சியின் தோளில் கையை வைத்து, "நல்ல குரல். அந்த விறைப்பும் அந்த வளைவும் வெறும் பழக்கங்கள், மூன்று மாதத்தில் போய்விடும். இதுவரை படித்ததெல்லாம் மறந்துவிடு. முதலிலிருந்து தொடங்குவோம்" என்றா.

டெல்சி கண் மின்னத் தலையாட்டினாள். "ஓம் அம்மா, புரொபெசர் சொன்னவ, எல்லாத்தையும் மறக்கட்டாம்!" என்று என்னிடம் தமிழில் ஒருதரம் சொன்னாள். வீகண்டிடம் ஜேர்மனில் ஒருதரம் சொன்னாள்.

வீகண்டின் வாய் ஒரு பக்கமாக இறுகியது. அந்த முகம் எனக்கு நல்ல பழக்கம். ஒரு வருசமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

டெல்சி புரொபெசரோடு கதைத்துக்கொண்டே நடையின் மற்ற முனைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் சால்வையும் லேஞ்சியுமாக நின்றோம்.

"பின்னேரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்," என்றேன். "ஆட்டிறைச்சிக் கறி. ஆனால் உறைப்பாகத்தான் வைப்பேன்."

"நன்றாகப் போடுங்கள்," என்றா பிராவ் வீகண்ட். "எங்கள் தொண்டையை இனி யார் கேட்கப்போகிறார்கள்?"