சாம்பல் என்று சொன்ன காலை

வையனாயே கடற்கரைப் பக்கம் சிறை அறைகள் ஆளைத் தேடி வர ஆரம்பித்தது, மாமரங்கள் இரண்டு முறை காய்த்த வருஷத்தில். அதற்கு முந்தைய வருஷம் ஹொனலூலுவில் ஒரு நீதிபதி புது வழக்கம் கொண்டுவந்திருந்தார். நன்னடத்தைக் காவலில் வெளியே விட்டவன் தவறினால் எச்சரிக்கை, கெடு, இன்னொரு கெடு என்று இழுத்தடிக்கக் கூடாது. தண்டனை சின்னதாக இருக்கட்டும், ஆனால் அன்றே, தப்பாமல். முதலில் போலீஸ் வண்டிதான் வந்துகொண்டிருந்தது. வண்டி நெரிசலில் மாட்டியதால் அறையே புறப்பட்டு வரத் தொடங்கியது. ஆறடிக்கு ஒன்பதடி, ஒரு கட்டில், ஓர் இரும்புக் கழிப்பிடம், கதவில் நாள் எண்ணிக்கை எழுதிய சீட்டு. ஆள் நிற்கும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு அவனைச் சுற்றி இறங்கும். இரண்டு நாள் கழித்து அதே மணிக்குப் போய்விடும். மகாஹா கடலில் அலைச்சறுக்கப் போனவன் இடுப்பளவு தண்ணீரில் தண்டனையைக் கழித்தான். பஸ்ஸுக்குள் ஒன்று இறங்கியபோது டிரைவர் திரும்பிப் பார்த்து, "அறைக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பா" என்றார். கம்பி வழியே ஸ்பாம் என்கிற டப்பா இறைச்சி வைத்த சோற்றுக் கட்டிகளை நீட்ட சனங்கள் பழகிக்கொண்டார்கள்.

காவலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. காலையில் ஓர் எண்ணுக்குப் போன் போட்டால் பதிவுக் குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். தன் நிறம் வந்தவன் மதியத்துக்குள் போய்ச் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். அந்தக் குரல் கவேஹி டெய்ஷேராவுடையது. ஐம்பத்திரண்டு வயது நன்னடத்தை அதிகாரி. கண்டிப்புக்காரி, ஆனால் ஒருத்தனுக்கும் அநியாயம் செய்யாதவள் என்று பேர் எடுத்திருந்தாள். சந்தையில் அவள் "பச்சை வெங்காயம் இருக்கா?" என்று கேட்டால் நாலு பேருக்கு முட்டிக்கொண்டு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, அரைத் தூக்கத்தில், முந்தைய நாள் சீட்டைப் பார்த்து "சாம்பல்" என்று பதிந்துவிட்டாள். ஆறு இருபதுக்குத்தான் உறைத்தது. அழித்துவிட்டு "ஆரஞ்சு" என்று பதிந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்து மணிக்கு எவன் எழுந்து போன் போடப் போகிறான் என்று நினைத்தாள். கிமோகேயோ பாவாவ் போட்டான். கூரை வேலைக்காரன், ஐஸ் என்கிற போதைத்தூளால் பதினோரு வழக்கு வாங்கியவன், எட்டு மாதமாகத் தொடாதவன். அவன் நிறம் ஆரஞ்சு. "சாம்பல்" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட அம்மா வீட்டில் கடைசி நாட்களில் இருந்தாள் என்பதால் மதியமே திரும்பி, முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அறை இறங்கியது. அம்மா படுத்திருந்த ஜன்னல் பன்னிரண்டடி தள்ளி இருந்தது.

சாம்பல் என்றுதான் கேட்டேன் என்று அவன் கத்தினான். பார்க்க வந்த போலீஸ்காரர் சிரித்தார். "போன வாரம் ஒருத்தன் வானவில்னு கேட்டானாம்." நீதிபதி போனில் கவேஹியிடம் பதிவில் என்ன நிறம் என்று விசாரித்தார். "ஆரஞ்சு, ஐயா" என்றாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. "கிமோ, வாடா" என்று அம்மா இரண்டு நாளும் கூப்பிட்டாள். "இதோ வர்றேன்மா" என்று இவனும் கம்பிக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவது நின்றது. அறை இரண்டு மணிக்குப் போனது.

அதற்குப் பிறகு கிமோகேயோ ஒரு முறைகூடத் தவறவில்லை. புது வழக்கம் எப்படி ஆளைத் திருத்துகிறது என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவனைத்தான் காட்டினார்கள். காவல் முடிந்த அன்று அவன் கழுத்தில் பூமாலை போட்டதும் கவேஹிதான். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தனக்கும் அறை வரும் என்று வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்தி இடம் விட்டுவைத்தாள். தினமும் இரண்டு மணிக்கு எழுந்து நிற்பாள், ஒன்றும் வராது. வேண்டுமென்றே ஒரு கடையில் உப்புப்பிளம் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். கடைக்காரன், "இன்னொண்ணும் எடுத்துக்கங்க ஆன்ட்டி" என்றான். இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

ஏழாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிமோகேயோ வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவன் ஏணி மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தான்.

"கிமோ, அன்னைக்கு மொதல்ல நான் சாம்பல்னுதான் சொன்னேன். அப்புறம் மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அவன் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான். "அப்ப நான் கேட்டது நெசந்தானா?"

"நெசந்தான்."

"ஏழு வருஷமா, ஆன்ட்டி... ஐஸ் அரிச்ச மூளைதான் இல்லாததைக் கேட்டுருச்சு, அம்மாவை நானே தனியா சாக விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பயத்துலதான் அதைத் தொடவே இல்ல."

மணி இரண்டு ஆனது, அறை அவளைச் சுற்றி இறங்கியது. கதவுச் சீட்டில் எண் இல்லை. நீதிமன்றத்துக்குப் போன் போட்டால், அவள் எங்கள் பட்டியலில் இல்லையே என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பென்சிலைக் கொண்டுவந்து கிமோகேயோவிடம் கொடுத்தாள்.

"ஏழு வருஷம்னு எழுதுப்பா" என்று கவேஹி கெஞ்சினாள்.

"எல்லாருக்கும் ரெண்டு நாள்தான். உங்களுக்கு மட்டும் என்ன தனி?" என்று சொல்லி, இரண்டு என எழுதினான். அது போதாதென்று அவள் அழுதாள்.

இலையில் சுற்றி வேகவைத்த பன்றிக்கறியை வேளா வேளைக்குக் கம்பி வழியே வைத்தான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அம்மா படுத்திருந்த அந்த ஜன்னலிலிருந்து, "கிமோ, வாடா" என்று கூப்பிட்டது கேட்டது. கவேஹி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கிமோகேயோ சுத்தியலைக் கீழே வைத்தான். "வியாழக்கிழமைன்னா கூப்பிடுவாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "இதோ வர்றேன்மா" என்று உள்ளே போனான். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் வந்தது.

இரண்டு மணிக்கு அறை போனது. விஷயம் நீதிமன்றம்வரை எட்டி, கவேஹியின் வேலையும் அந்த வாரமே போயிற்று. வியாழக்கிழமைகளில் கவேஹி இப்போதும் அந்த வீட்டுக்கு வருகிறாள். கிமோகேயோ தூரத்துக் கூரைகளில் மாட்டிக்கொண்ட நாட்களில், கூப்பிடும் குரலுக்கு ஜன்னலருகே நின்று அவள்தான் பதில் சொல்கிறாள்: "வந்துக்கிட்டே இருக்கான், ஆன்ட்டி."